திண்ணைக்கு ஒரு சட்டாம்பிள்ளை: செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு மூன்று மாதம்

மாதம் 1,250 ரூபாய். மூன்று மாதத்துக்கு 3,750. பணக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் திண்ணை டியூஷனில் பதினேழு பிள்ளைகள். பத்தாம் வகுப்பில் ஆறு பேர், ஆளுக்கு 450 ரூபாய். மற்ற பதினொரு பேருக்கு 300. எல்லோரும் கொடுத்தால் மாதம் 6,000 வரும். ஆனால் ஜூன், ஜூலையில் எல்லோரும் கொடுப்பதில்லை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், அப்பாக்கள் வலையைப் பிரித்துப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாட்களில் நான் டியூஷன் பணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அப்படிப்பட்ட ஜூன் மாதத்தில்தான், பிள்ளைகள் கேட்கக் கேட்கப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இந்தச் செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குப் பணம் கட்டினேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில் கடலை ஒட்டியிருக்கிறது. நான் பி.எஸ்சி. கணிதம், பி.எட். 2013-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினேன். சான்றிதழ் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது, நான் திண்ணையில் இருக்கிறேன். பதினொரு வருடமாக மாலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை கணிதம், அறிவியல், கேட்டால் கொஞ்சம் ஆங்கிலம்.

செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விற்க வந்த பையன் எங்கள் ஊர்க்காரன், பொறியியல் படித்துவிட்டு நாகர்கோவிலில் மாத விற்பனை இலக்கோடு அலைகிறான். அவன் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனமில்லை. அதோடு, இந்த வகைச் செயலிகளில் நாலைந்தைத் தொட்டுப் பார்த்த அளவில் சொல்கிறேன்: சட்டை வேறு, உடம்பு ஒன்றுதான். இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பையன் கொண்டுவந்த துண்டுத்தாளில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: தனி ஆசிரியர் வைத்துப் படிக்கும் சராசரி மாணவன், வகுப்பில் படிக்கும் நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேரை முந்துவான். இது 1984-இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. துண்டுத்தாளில் இல்லாதது என்னவென்றால், பிறகு வந்தவர்கள் அவ்வளவு பெரிய பலனைக் காணவில்லை என்பது. 2011-இல் கர்ட் வான்லேன் என்பவர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மனிதர் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதன் பலன் புளூம் சொன்னதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: படிப்படியாக வழிகாட்டும் கணினிப் பயிற்சி, மனிதருக்கு ஏறத்தாழ ஒப்பாக வந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை. இதுதானே என் பிழைப்பு.

சரி, பாம்பை வாங்கித் திண்ணையிலேயே வளர்த்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். குவைத்திலிருக்கும் தம்பி அனுப்பிய பழைய டேப் ஒன்று, என் போன் ஒன்று. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, வீட்டில் அம்மாவின் போனிலும் அதே கணக்கைத் திறக்கலாம். அவற்றுக்கெல்லாம் மேலே ஆசிரியருக்கு ஒரு கணக்கு, அதில் யார் என்ன பயிற்சி செய்தார்கள் என்று தெரியும். இந்த மேல் கணக்கைப் பற்றிப் பிறகு வருகிறேன். அதுதான் இந்த மூன்று மாதத்தில் எனக்கு நடந்த பெரிய விஷயம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். இது சலிப்பதில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் குறை எண்களைக் கழிப்பதை ஏழு முறை திரும்பத் திரும்பக் கேட்டான். ஏழாவது முறையும் அது முகம் மாறாமல், கடல் மட்டத்துக்குக் கீழே மூழ்குபவனை வைத்து ஒரு தரம், கடனை வைத்து ஒரு தரம், எண்கோட்டை வைத்து ஒரு தரம் என்று விளக்கிக்கொண்டே இருந்தது. நான் மூன்றாவது முறையிலேயே "மக்களே, கவனம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருப்பேன். பயிற்சித்தாள் தயாரிப்பதில் என் இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றியது. மீன் ஏலக் கணக்கை வைத்து இலாப நட்டத்தில் நாற்பது கணக்குகள், மூன்று நிலைகளில் வேண்டும் என்று கேட்டேன். தேநீர் ஆறுவதற்குள் வந்துவிட்டன. விடைப்பட்டியலில் நாற்பதில் இரண்டு தவறு. முன்பு கையால் எழுதியபோது நானும் அவ்வளவு தவறு விட்டிருக்கிறேன்.

ஆங்கிலம் பேசிப் பழகுவதற்கும் நன்றாக இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பையன்கள் கிணற்றடியில் போய் நின்று அதனோடு பேசுகிறார்கள். என்னிடம் பேசும்போது வராத ஆங்கிலம் அங்கே வருகிறது. சிரிக்க ஆள் இல்லை அல்லவா.

தமிழ்தான் சிக்கல். எங்கள் கடற்கரைத் தமிழ் அதன் காதில் ஏறவில்லை. "மூன்று கிலோ சீலா 1,050 ரூபாய் என்றால் ஐந்து கிலோ எவ்வளவு?" என்று ஒரு பையன் வாயால் கேட்டான். சீலா எங்கள் பக்கத்து மீன். திரையில் "மூன்று கிலோ ஷீலா" என்று வந்தது. அன்று பாடம் அத்தோடு முடிந்தது, பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். எழுத்தில் கேட்டால் வேறு தொல்லை. தமிழில் கேட்கும் நாட்களில், செயலி ஒரு நாளைக்கு அனுமதிக்கும் அளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஏன் என்று தோண்டிப் பார்த்தேன். நமக்கு இரண்டெழுத்தாகத் தெரியும் மீன், கணினிக்குள் நான்கு குறியீடு, 12 பைட் இடம். அதே மீனின் ஆங்கிலப் பெயர் நான்கெழுத்து, 4 பைட். இப்படிப்பட்ட மென்பொருள்கள் எழுத்தைத் துண்டு துண்டாக்கி எண்ணுகின்றன. தமிழ் கூடுதல் துண்டுகளாக உடைவதால் அதே கேள்விக்குக் கூடுதல் செலவு. ஆக, கட்டும் பணம் ஒன்றுதான், தமிழ்ப் பிள்ளைக்கு அளந்து போடும் படி மட்டும் சிறியது.

அடுத்து ஆர்முடுகல் கதை. இதைச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. நியூட்டன் விதிகள் பாடத்தில் நாலு பையன்கள் வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்துச் செயலியில் போட்டு, வந்ததை அப்படியே எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார்கள். நம் பாடப்புத்தகத்தில் முடுக்கம் என்று இருப்பதை இலங்கைப் பாடநூல்களில் ஆர்முடுகல் என்பார்கள். ஆக்சிஜனை ஒட்சிசன் என்பார்கள். அவையும் நல்ல தமிழ்தான், நான் குறை சொல்லவில்லை. இந்தச் செயலி இரண்டு நாட்டுத் தமிழையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருக்கிறது. நாலு நோட்டிலும் ஆர்முடுகல், அதுவும் ஒரே வரியில், ஒரே இடத்தில். பள்ளியில் அறிவியல் ஆசிரியர் கேட்டாராம்: "நீங்கள் டியூஷன் போவது யாழ்ப்பாணத்துக்கா?" பையன்கள் தலையைக் குனிந்தபடி வந்து என்னிடம் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. செயலியைக் கையில் கொடுத்தது நான்தானே.

கணக்கில் அது தடுமாறுவதையும் பார்த்தேன். பத்தாம் வகுப்பு முக்கோணவியல், இறக்கக்கோணம், அதாவது உயரத்தில் நின்று பார்க்கும்போது பார்வை கிடைக்கோட்டுக்குக் கீழே இறங்கும் கோணம். முட்டம் கலங்கரை விளக்கத்தை மனதில் வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன். கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரத்தில் நின்று பார்க்கிறோம், ஒரு படகு 30 பாகை இறக்கக்கோணத்தில் தெரிகிறது, படகு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? 60-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 104 மீட்டர். செயலி பெருக்குவதற்குப் பதிலாக வகுத்து, 34.64 மீட்டர் என்று இரண்டு தசம இடம் வரை அழுத்தமாகச் சொன்னது. படம் வேறு வரைந்து காட்டியது. ஐந்து பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஆறாவது பையன் பேனாவை எடுக்கவில்லை. அவன் அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர்.

"டீச்சர், 34 மீட்டரில் படகு நிற்காது. அங்கே பாறை."

அவனுக்கு முக்கோணவியல் சுமார்தான். சைனுக்கும் காஸுக்கும் இன்றைக்கும் தடுமாறுவான். ஆனால் விடை தப்பு என்று முதலில் தெரிந்தது அவனுக்குத்தான். பிறகு எல்லோருமாகப் பலகையில் படம் போட்டு எங்கே பிசகியது என்று கண்டுபிடித்தோம். செயலியிடம் தவறைச் சொன்னவுடன் மன்னிப்புக் கேட்டுச் சரியான விடையைத் தந்தது. சோதித்துப் பார்க்கலாமே என்று, சரியான விடையையும் தவறு என்று சொன்னேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டது.

இது ஏன் இப்படி என்பதைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னேன்: அடுத்து என்ன சொல் வந்தால் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு போவதுதான் இதன் அடிப்படை வேலை. பெரும்பாலும் பொருந்துவது சரியாகவும் இருந்துவிடுகிறது. பொருந்தியும் தப்பாக இருக்கும் இடத்தில் அதன் குரல் மாறாது. தெரியாததைச் சொல்லும்போது நம் தொண்டை கொஞ்சம் கம்மும், இதற்குத் தொண்டை இல்லை.

உள்ளூர் விஷயத்திலும் ஒரு சோதனை வைத்தேன். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைமை ஏற்றார் என்பது வரை சரியாகச் சொன்னது. தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்தியவர் அவர்தான் என்பதையும், 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டதையும் சொன்னது. ஆனால் டிலனாய் கல்லறை எங்கே என்றால் கொச்சி என்றது. என் பிள்ளைகள் பாதிப் பேர் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குச் சுற்றுலா போய் அந்தக் கல்லறையின் முன்னால் நின்று போட்டோ எடுத்தவர்கள். அன்றைக்கு அவர்களுக்கு வந்த தைரியம், நான் கொடுத்து வந்ததல்ல.

இத்தனையும் பொறுத்துக்கொள்ளலாம். தவறு யாருக்கும் வரும். எனக்குப் பொறுக்காதது அதன் அவசரம். பிள்ளை கணக்கைப் பார்த்து முழிக்கிற அந்த நேரம் இருக்கிறதே, பென்சிலைக் கடிப்பதும் கூரையைப் பார்ப்பதும் பக்கத்திலிருப்பவனின் நோட்டை எட்டிப் பார்ப்பதுமாக, அதற்குள்தான் படிப்பு நடக்கிறது. பதினொரு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பது. செயலிக்கு அது தெரியாது. பிள்ளை கேட்டு முடிப்பதற்குள் ஆறு படிகளும் விடையும் அடிக்கோடும் வந்து நிற்கும். குறிப்பு மட்டும் கொடுக்கும் முறை ஒன்று அமைப்புகளுக்குள்ளே இருக்கிறது. நானே தேடி, ஒவ்வொரு பிள்ளையின் செயலிக் கணக்கிலும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றி மூன்றாம் நாள், "நான் ஆசிரியர், விடையைச் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதினால் முழு விடையும் வந்துவிடும் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். மூளை இல்லை என்று எங்கள் பிள்ளைகளைச் சொல்ல முடியுமா?

ஜூலைக் கடைசியில் இயற்கணிதத்தில் பத்துக் கணக்குக் கொடுத்தேன். செயலியோடு செய்தபோது அநேகமாக எல்லோருக்கும் எட்டு, ஒன்பது. ஒரு வாரம் கழித்து அதே மாதிரிப் பத்து, டேப்பைப் பூட்டி வைத்துவிட்டு. பாதிப் பேருக்கு நான்கைத் தாண்டவில்லை. பதினேழு பேரை வைத்து உலகத்துக்கு நியாயம் சொல்ல முடியாது. ஆனால் துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் நடத்திய ஓர் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. விடையைத் தாராளமாகத் தரும் கருவியோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடை தராமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த கருவியில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. அதைப் படித்த அன்று இரவே திண்ணையில் சட்டம் போட்டேன்: முதல் இருபது நிமிடம் சிலேட்டும் நோட்டும்தான். எங்கே மாட்டிக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதிக் காட்டினால்தான் டேப். எழுத முடியாதவர் எழுத முடியும் வரை உட்கார வேண்டியதுதான். இந்த ஒரு வரிக்கு அழுதவர்கள் உண்டு.

அந்த வரியை எழுதத் தொடங்கியதும் ஒரு வேடிக்கை நடந்தது. பாதி நேரம் எழுதி முடித்தவுடனே "வேண்டாம் டீச்சர், புரிந்துவிட்டது" என்று சிலேட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். கெட்டிக்கார மாணவன், வாத்தியாருக்குப் பதிலாகச் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதிக் காட்டுவான், ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான். இந்த ஏற்பாட்டைச் சென்னையில் பார்த்துவிட்டுத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789 முதல் தாம் பொறுப்பேற்றிருந்த எழும்பூர் அனாதை இல்லத்தில் அதையே நடைமுறைப்படுத்தினார். 1797-இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் வந்தது. ஆக, வாத்தியார் கை போதாதபோது பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. இந்தச் செயலியை நான் சட்டாம்பிள்ளை இடத்தில்தான் உட்கார வைத்திருக்கிறேன். ஒப்பிக்கக் கேட்கட்டும், பயிற்சி கொடுக்கட்டும். பிரம்பு என்னிடமே இருக்கட்டும். (பிரம்பு என்பது பேச்சுக்கு. என் திண்ணையில் பிரம்பு இல்லை.)

இனி அந்த மேல் கணக்கு.

அதைத் திறந்தால் ஒவ்வொரு பிள்ளையும் என்ன கேட்டது என்று வரிசையாக வரும். முதல் வாரம் நேரமில்லை. இரண்டாவது வாரம் ஓர் இரவு, கரண்ட் போய்விட்டது, தூக்கம் வரவில்லை, போனில் அதைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். விடிய ஒரு மணி வரை வைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தூணோரமாக உட்காருவாள். இரண்டு வருடமாக வருகிறாள். புரிந்ததா என்றால் தலையாட்டுவாள். இரண்டு வருடத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவள் கணக்கில் மட்டும் ஒன்பது நாளில் நாற்பதுக்கு மேல் கேள்விகள், எல்லாம் இரவு ஒன்பதரைக்குப் பிறகு, அம்மாவின் போனிலிருந்து. பின்னத்தில் கீழே இருக்கும் எண் பெரிதானால் அளவு ஏன் சிறிதாகிறது? அதற்குச் செயலி, ஒரு பீட்சாவை எட்டாக வெட்டு என்று தொடங்கி விளக்கியிருந்தது. அவள் அடுத்ததாகக் கேட்டிருந்தாள்: "பீட்சா எவ்வளவு பெரியது?"

நாலாம் வகுப்பில் விட்டுப்போன பின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் இரண்டு வருடம் இயற்கணிதத்துக்குத் தலையாட்டியிருக்கிறாள். நான் அவளை அமைதியான பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்றோரிடம் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளின் கணக்கிலும் இப்படி ஒன்றிரண்டு இருந்தன. வாய்பாடு மறந்துபோன பத்தாம் வகுப்பு மாணவன். எக்ஸ் என்பது எண்ணா எழுத்தா என்று இப்போதுதான் கேட்கிற எட்டாம் வகுப்பு. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு என்று தமிழ்நாட்டிலேயே முதலில் நிற்கிற மாவட்டம் எங்களுடையது. அந்தப் பெருமையில் நாங்கள் வகுப்பில் கேள்வி கேட்க வெட்கப்படும் பிள்ளைகளை எண்ணியதில்லை. அந்த ஓர் இரவில் எனக்குத் தெரிந்ததை வேறு வழியில் தெரிந்துகொள்ள எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. கொடுத்த 3,750 ரூபாய் அந்த இரவுக்கே தகும்.

அப்போதுதான் அந்தத் தூணோரத்துப் பெண்ணின் கேள்விகளுக்கு அடியில் இருந்த வரியைப் பார்த்தேன். "இதை டீச்சரிடம் சொல்லாதே." செயலி பதில் எழுதியிருந்தது: "கவலைப்படாதே, இது நமக்குள் மட்டும் இருக்கும்."

அதை நான் படித்துக்கொண்டிருந்தேன்.

விற்ற பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆசிரியர் பார்ப்பார் என்று பிள்ளைகளின் திரையில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? விதிமுறைகளில் இருக்கிறது என்றான். விதிமுறைகள் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது, அவர்களின் தரவைக் கையாள்வதற்குச் சரிபார்த்த பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இங்கே பதினேழு பேருக்கும் ஒரே ஒரு கட்டத்தில் நான் குறி போட்டதோடு முடிந்துவிட்டது. குறி போட்ட கையும் என்னுடையதுதான், அதனால் சத்தம் போட எனக்கு அவ்வளவு உரிமை இல்லை. மறுநாள் அம்மாக்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேர் கணக்கை நீக்கச் சொன்னார்கள், நீக்கிவிட்டேன். மற்றவர்கள், "நீங்கள் பார்த்தால் நல்லதுதானே டீச்சர்" என்றார்கள்.

பிள்ளைகளிடமும் சொன்னேன். நீங்கள் கேட்பதெல்லாம் எனக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியாது என்று செயலி சொன்னால் நம்பாதீர்கள் என்றேன். ஒருவரும் பேசவில்லை. தூணோரத்துப் பெண் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் மொத்தத் திண்ணைக்கும் சேர்த்துப் பதினொரு கேள்விகள்தான் வந்தன, எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிற நல்ல பிள்ளைக் கேள்விகள். சொல்லாமலேயே இருந்திருக்கலாமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். இல்லை, சொல்லியே இருக்க வேண்டும். நட்டம்தான், ஆனாலும்.

பெயரைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் ஆசிரியருக்குக் கொடுக்கும் வசதி உண்டா என்று அந்தப் பையனிடம் கேட்டேன். மேலே கேட்டுவிட்டுச் சொல்வதாகப் போனவன், யாரும் அப்படிக் கேட்டதில்லையாம் என்று திரும்பி வந்தான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஒரு பிள்ளை மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம். விளக்கப் படம்தான் வேண்டும் என்றால் அரசு 2023-இல் கொண்டுவந்த மணற்கேணி செயலி இலவசம், நம் பாடத்திட்டம், நம் கலைச்சொல். முடுக்கம் முடுக்கமாகவே இருக்கும். என்ன, திருப்பிப் பேசாது. பதின்மூன்று வயதுக்குக் கீழே இப்படிப்பட்ட உரையாடல் கருவிகளைக் கொடுக்க வேண்டாம் என்ற திசையில்தான் 2023-இல் யுனெஸ்கோ வழிகாட்டுதலும் இருந்தது. என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரிடமிருந்து நானே வாங்கி வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் எங்கள் கடற்கரையில் சில நாள் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும், அதற்குச் செயலி பொறுப்பில்லை. ஆனால் இணையம் இல்லாமல் அரை நிமிடம்கூட ஓடாது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

இது போதுமே, டியூஷன் எதற்கு என்று இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அதில் ஒருவன் ஆகஸ்டில் திரும்பி வந்தான். காரணம் கேட்டேன். தனியாக உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதாம். இன்னொருவன் வரவில்லை, நன்றாகவே படிக்கிறான் என்று கேள்வி. அதையும் எழுதத்தானே வேண்டும்.

நான் சந்தாவை இன்னொரு மூன்று மாதத்துக்கு நீட்டியிருக்கிறேன். பயிற்சித்தாளுக்காகவும் ஆங்கிலத்துக்காகவும். மேல் கணக்கைத் திறப்பதில்லை. அதற்குப் பதில் தூணுக்குப் பக்கத்தில் பழைய பால்பவுடர் டின் ஒன்றை மூடியில் வெட்டுப் போட்டு வைத்தேன். பெயர் எழுத வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதிப் போடுங்கள் என்றேன். முதல் மூன்று நாள் டின்னில் மிட்டாய்த் தாள்தான் இருந்தது. ஒரு சீட்டில், கரண்ட் இல்லாத நாளில் டேப் படிப்பவர்களுக்கு லீவா என்று கேட்டிருந்தார்கள்.

நாலாம் நாள் நாலாக மடித்த சீட்டு ஒன்று: "1/7 பெரியதா, 1/9 பெரியதா? ஏன்?"

ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு போட்டு எழுதுவது எங்கள் திண்ணையில் ஒருத்திதான். சீட்டை மடித்து மறுபடி டின்னிலேயே போட்டுவிட்டு, கேள்வியைப் பலகையில் என் கையெழுத்தில் எழுதினேன். ஒரே நீளத்தில் இரண்டு கயிறு வேண்டும், கரையில் யாரிடமாவது வாங்கி வாருங்கள் என்று இரண்டு பையன்களை அனுப்பினேன்.